கண்ணாயிக்குப் பூக்கேட்ட நாள்

சேலத்திலிருந்து ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஒன்று மட்டும் வந்திருந்தால் மலைமேல் இருந்த வெள்ளியங்கிரிக் கவுண்டர் வீட்டில் ஒரு சண்டையோடு காரியம் முடிந்திருக்கும். இரண்டு வந்ததால் சண்டை கிளை விட்டுவிட்டது.

முதல் கடிதம் பெண்களுக்கான போதனாமுறைப் பாடசாலையிலிருந்து வந்தது. எட்டாம் வகுப்புத் தேறிய கண்ணாயி என்கிற பெண்ணை இரண்டு வருஷ உபாத்தியாயினிப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்கிறோம், தங்க இடமும் சாப்பாடும் உண்டு, ஜூலை முதல் தேதிக்குள் வந்து சேர வேண்டியது என்று அதில் இருந்தது. இரண்டாவது கடிதம் ஆஸ்பத்திரியிலிருந்து. அதே கண்ணாயியை ஒன்றரை வருஷ மருத்துவச்சிப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறார்களாம். இரண்டுக்கும் மனு எழுதிப் போட்டவள் அவளைப் படிக்கவைத்த சேந்தமங்கலத்துப் பெரிய டீச்சர். ஒன்று போனால் இன்னொன்றாவது கிடைக்கட்டும் என்று நினைத்தாளே தவிர, இரண்டும் கிடைத்துத் தொலைக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

மூன்றாவது வழிக்குக் கடிதம் தேவைப்படவில்லை. அது மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சோளக்காட்டுச் சந்தையில் நடமாடிக்கொண்டிருந்தது. பெயர் சின்னராசு. கண்ணாயியின் தாய்மாமன் மகன், இருபத்தொரு வயது. ஆவணியில் கல்யாணத்தை வைத்துவிடலாம் என்று மாமன் சொல்லியனுப்பியிருந்தார். சின்னராசுவைக் கண்ணாயிக்குப் பிடிக்காது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவன் தூரத்தில் வந்தால் அவள் தலையைத் திருப்பிக்கொள்வாள், கிட்டத்தில் வந்தால் வம்புக்கு இழுப்பாள், போன பிறகு அரைமணி நேரம் காரணமில்லாமல் பாடிக்கொண்டிருப்பாள். பதினேழு வயதில் பிடிக்காதவனுக்கு யாரும் இவ்வளவு பாடுபடுவதில்லை. அவளுடைய தகராறெல்லாம் ஆவணி மாதத்தோடுதான்.

ஏனென்றால் கண்ணாயிக்கு டீச்சராக வேண்டும். ஆசை பிறந்த நாள்கூட அவளுக்குத் தெரியும். போன தை மாதம் ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குக் காய்ச்சல் வந்து, பன்னிரண்டு நாள் அந்த வகுப்பை அவள் பார்த்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் சேர்ந்த நாளாக வாயே திறக்காத ஒரு பெண், ஒன்பதாவது நாள் எழுந்து நின்று பலகையில் இருந்ததைக் கடகடவென்று வாசித்துவிட்டு, தான் வாசித்ததில் தானே மிரண்டு அழுதுவிட்டது. அன்றைக்குக் கண்ணாயியின் கால் தரையில் பாவவில்லை. மலைக்கு வந்த பிறகும் சாக்கட்டி பிடிக்காமல் விரல் அரித்தது. வேறு வழியில்லாமல் வீட்டு ஆடுகளுக்குப் பெயர் வைத்து, பட்டியில் அடைக்கும்போது வருகைப் பதிவு எடுத்தாள். ஒரு கிடாய் உள்ளே வராமல் அடம் பிடித்தது. அதை இரண்டாம் நாளே முன்வரிசைக்கு மாற்றினாள்.

அம்மா பழனாயிக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது, கடிதம் வரும்வரை. வந்த பிறகு அவள் சிரிப்பதை நிறுத்திக்கொண்டாள். மூன்று வருஷம் சேந்தமங்கலத்துக்குக் கொடுத்தது போதாதா, இனி இரண்டு வருஷம் சேலத்துக்கும் கொடுக்க வேண்டுமா, சாமை புடைக்கத் தெரியாத பெண்ணை எந்த அண்ணன் வீட்டுக்கு அனுப்புவது என்று கேட்டாள். அவளுக்கு இருந்தது ஒரே அண்ணன்தான். சாமை புடைப்பதைப் பற்றி அவர் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

வெள்ளியங்கிரிக் கவுண்டர் நல்ல மனிதர். மகள் வந்து சொன்னால் மகள் பக்கம் தலையாட்டினார். மனைவி வந்து சொன்னால் மனைவி பக்கம் தலையாட்டினார். ஒரு வாரம் இப்படி நன்றாகவே ஓடியது. எட்டாம் நாள் இருவரும் ஒன்றாக வந்து நின்று, இப்போது ஆட்டுங்கள் பார்க்கலாம் என்றார்கள். கவுண்டர் கொஞ்ச நேரம் மிளகுக் கொடியைப் பார்த்தார். பிறகு, பெரியசாமியிடமே கேட்டுவிடலாம் என்றார்.

அந்த ஊரில் சாமியிடம் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. பூசாரி காளியண்ணன் விடியற்காலையில் பூக்களை வாழை இலைத் துண்டுகளில் தனித்தனியாக மடித்து, நாரால் கட்டி, பெரியசாமிக் கல்லின் முன்னால் வைப்பார். வைத்துவிட்டு ஓடைக்குக் குளிக்கப் போவார். அவர் திரும்புகிறவரை பொட்டலங்கள் சாமியின் பார்வையில் தனியாக இருக்க வேண்டும். ஊர் ஜனம் அதற்குள் பாதையோரம் போய்க் காத்திருக்கும். மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏறி வருகிறவர்களில், மலையில் காணியும் சம்பந்தமும் இல்லாத ஆள் யார் முதலில் வருகிறாரோ, அவர் கையால்தான் ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். இந்தக் கதை நடந்த 1938-ஆம் வருஷத்தில் மலைக்கு ரோடு கிடையாது. ஏறுகிற எல்லோரும் அந்த ஒரே ஒற்றையடிப் பாதையில்தான் ஏறியாக வேண்டும்.

காளியண்ணன் முதல் நாளே ஊருக்குச் சொல்லிவிட்டார். வெள்ளரளி வந்தால் டீச்சர் படிப்பு. செவ்வரளி வந்தால் ஆஸ்பத்திரி. பொன்னரளி வந்தால் ஆவணியில் கல்யாணம். மூன்றும் அரளி என்பதால் இலைக்கு மேலே தடவிப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் பிரித்துப் பார்க்கலாம் அல்லவா? பூசாரியின் தலை ஓடைப் பக்கம் மறைந்ததும் கண்ணாயி கோயிலில் இருந்தாள். மடியில் மூன்று வெள்ளரளி. "சாமி, நீ எப்படியும் வெள்ளைதான் குடுத்திருப்பே. உனக்கு வேலை மிச்சம் பண்றேன், அவ்வளவுதான்" என்று கல்லிடம் சொல்லிக்கொண்டே மூன்று பொட்டலங்களையும் பிரித்து, இருந்ததை எடுத்துப் புதரில் வீசிவிட்டு, வெள்ளையை வைத்துக் கட்டினாள். கட்டி முடித்துக் கையைத் துடைக்கும்போது காலடிச் சத்தம் கேட்டது. பாதையில் ஓடினால் மாட்டிக்கொள்வாள். பக்கத்தில் பலாமரம் இருந்தது. ஏறிவிட்டாள்.

வந்தது அம்மா.

பழனாயி நாலு பக்கமும் பார்த்தாள். மேலே மட்டும் பார்க்கவில்லை. கல்லின் முன் விழுந்து கும்பிட்டாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள், பிறகு சாவகாசமாக உட்கார்ந்து, அடுப்படியில் கீரை ஆய்கிறவள் போல, மூன்று பொட்டலங்களையும் பிரித்தாள். மூன்றிலும் வெள்ளையைக் கண்டதும் அவள் முகம் போன போக்கைக் கண்ணாயி மரத்திலிருந்து பார்த்தாள். ஒரு கணம் யோசித்தாள் பழனாயி. பிறகு எல்லாவற்றையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, கொசுவத்திலிருந்து மூன்று பொன்னரளியை எடுத்து வைத்துக் கட்டிவிட்டு, மறுபடி கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள்.

கண்ணாயிக்குக் கோபம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். இதற்கிடையில் முசுறு எறும்பு வேறு. பலாக்கிளையில் கூடு கட்டியிருந்த முசுறெல்லாம் அவள் முழங்காலில் ஊர்வலம் புறப்பட்டுவிட்டன. இறங்கலாம் என்று ஒரு காலைக் கீழே விட்டபோது, சின்னராசு வந்தான்.

அவன் பிரிக்கவே இல்லை. வீட்டிலேயே தயாராகக் கட்டிக்கொண்டுவந்த மூன்று பொட்டலங்களை மடியிலிருந்து எடுத்து வைத்தான். இருந்த மூன்றை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான். ஒரு பழைய மூட்டையை இறக்கிப் புது மூட்டையை ஏற்றுகிற மாதிரி அவ்வளவு சுளுவாக முடித்துவிட்டு, சாமியைப் பார்த்து ஒரு தலையாட்டல், அவ்வளவுதான், போய்விட்டான். மரத்திலிருந்து கண்ணாயிக்குத் தெரிந்ததெல்லாம் அவனுடைய தலைப்பாகையும் அதற்குக் கீழே ஆடிய தோளும்தான்.

மஞ்சளை எடுத்துவிட்டு மஞ்சளையே வைத்துவிட்டுப் போகிறான் மடையன் என்று நினைத்தாள். ஆவணிக்கு இவனுக்கு இவ்வளவு அவசரமா? அவனுக்கு இனி ஒரு சொல் பதில் சொல்வதில்லை, அவன் கொண்டுவரும் அன்னாசியைத் தொடுவதில்லை, கல்யாணமே ஆனாலும் ஒரு வருஷம் முகம் கொடுப்பதில்லை என்று மளமளவென்று தீர்மானங்கள் போட்டாள். எறும்பு கடித்த ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தீர்மானம். கீழே குதித்துத் திரும்பவும் மாற்றலாம் என்றால் கையில் ஒரு வெள்ளைப்பூ இல்லை. போய்ப் பறித்துக்கொண்டு வருவதற்குள் பாதையில் ஆள் வந்துவிட்டது என்று கூச்சல் கேட்டது.

வந்தவர் தபால்காரர் மாதேஸ்வரன். வாரத்துக்கு ஒருமுறை காரவள்ளியிலிருந்து பையோடு ஏறுகிறவர். இந்த வருஷத்தில் மட்டும் நாலு தடவை அவரைப் பிடித்துப் பூ எடுக்க வைத்துவிட்டார்கள். யாருக்கு எதிராகப் பூ வந்ததோ அந்த வீட்டில் அப்புறம் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை என்று அவருக்குப் பெரிய குறை. இன்றைக்கும் கூட்டத்தைப் பார்த்ததும் திரும்பி இறங்கப் பார்த்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

எல்லோரும் கோயிலுக்கு வந்தார்கள். கண்ணாயி தலைமுடியில் பலா இலையோடு கடைசியில் வந்து நின்றாள். சின்னராசு அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் வானத்தைப் பார்த்தாள். ஈரத் துண்டோடு காளியண்ணன் மணி அடித்தார். மாதேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டு நடுவில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். பூசாரி நாரை அவிழ்த்தார்.

வெள்ளை.

ஊர் குலவை போட வாயெடுப்பதற்குள் பழனாயி முந்திக்கொண்டாள்.

"அதெப்படிங்க வெள்ளை வரும்?"

காளியண்ணன் நிதானமாகத் திரும்பினார். "ஏன் பழனாயி, வரக் கூடாதா?"

இதற்குப் பதில் சொன்னால் தன் களவு வெளியே வந்துவிடும் என்பது அப்போதுதான் பழனாயிக்கு உறைத்தது. பூசாரி மற்ற இரண்டையும் எடுத்துப் பிரித்தார். வெள்ளை, வெள்ளை. கண்ணாயி மெல்லத் தலையைத் திருப்பிச் சின்னராசுவைப் பார்த்தாள். அவன் தன் கால் கட்டைவிரலை ஏதோ இன்றைக்குத்தான் முளைத்தது போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். வயிற்றிலிருந்து பொங்கிப் பொங்கி வந்தது. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தான் முதலில் மாற்றியதை, மரத்தில் ஏறியதை, அம்மா மாற்றியதை, எறும்பை, எதையும் விடவில்லை. பழனாயி தலையில் அடித்துக்கொண்டாள். சின்னராசுவும் தான் மாற்றியதை ஒப்புக்கொண்டான்.

"உனக்கு என்ன பைத்தியமா மச்சான்? மஞ்சள் வந்தா உனக்குத்தானே நல்லது" என்றாள் கண்ணாயி.

அவன் தலைப்பாகையைக் கழற்றி உதறித் திரும்பக் கட்டினான். "நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு ஊட்டுல உக்காந்திருந்தா, அதைத் தினமும் யாரு பாக்கறது? நாந்தானே பாக்கணும்" என்றான். பிறகு, அது மட்டும் காரணம் என்று ஆகிவிடக் கூடாதே என்று, "சேலத்துல ரயிலு ஓடுதாமா. அதையும் பாக்கலாமில்ல" என்று சேர்த்தான்.

கண்ணாயி மரத்தில் போட்ட தீர்மானங்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று விழுந்தன. எறும்புக் கடி மட்டும் மிச்சம்.

சாமி குத்தமாகிவிட்டதே என்று கூட்டத்தில் யாரோ முனகினார்கள். காளியண்ணன் கையமர்த்தினார். அவர் முகத்தில் கோபத்தைக் காணோம்.

"முப்பது வருசமா பூக்கட்டறனுங்க. நான் அவுக்கற முடிச்சு ஒருநாளும் நான் கட்டின முடிச்சா இருந்ததில்லை. யாரு யாரு மாத்துனீங்கன்னு எனக்கும் தெரியும், சாமிக்கும் தெரியும்."

ஊரில் பாதிப்பேர் உடனே மரங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வெள்ளியங்கிரிக் கவுண்டர் தொண்டையைச் செருமினார். தானும் மாற்றலாம் என்றுதான் பூவோடு புறப்பட்டதாகவும், அதற்குள் தபால்காரர் வந்துவிட்டதாகவும் சொன்னார். என்ன பூ என்று மனைவியும் மகளும் ஒரே குரலில் கேட்டார்கள். கவுண்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மடியில் இருந்ததைக் கைக்குள் கசக்கிக்கொண்டார். அந்தப் பூவின் நிறத்தை அவர் கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை.

இன்றைக்கு ஒரு தடவையாவது ஒழுங்காகக் கேட்டுவிடுவோம் என்றார் பூசாரி. எல்லோர் கண் முன்னாலும் ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள் மடித்துக் கட்டி, முறத்தில் போட்டுக் குலுக்கி, கல்லின் முன் வைத்தார். குளிக்கவும் போகவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை. மாதேஸ்வரன் தன்னை விட்டுவிடும்படி கேட்டுப் பார்த்தார். விடவில்லை. கண்ணாயியின் சிரிப்பு எங்கோ போய்விட்டது. இனி யாரும் கைவைக்க முடியாது. மூன்றில் ஒன்று.

மாதேஸ்வரன் எடுத்தார். பூசாரி பிரித்தார்.

சிவப்பு.

யாருமே சிவப்பை நினைக்கவில்லை. இவ்வளவு களவு நடந்ததில் சிவப்பை வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரி. கூட்டம் மெல்ல நல்லதுதான் என்று பேசத் தொடங்கியது. மலையில் பிரசவத்துக்கு ஒரு படித்த கை வேண்டும்தானே, முப்பது வருஷத்தில் சாமி இன்றைக்குத்தான் வாயைத் திறந்திருக்கிறது, அது சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார்கள். ஆஸ்பத்திரி கெட்ட வேலை இல்லை என்று கண்ணாயிக்கும் தெரியும். அந்த வாய் திறக்காத பெண்ணின் முகம் மட்டும் கண்ணுக்குள் வந்து நின்றது. சரி என்று சொல்லத்தான் நிமிர்ந்தாள்.

அவள் நிமிர்வதைப் பழனாயி பார்த்தாள்.

அதற்கப்புறம் பழனாயி யாரையும் கேட்கவில்லை. முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்ததை உதறினாள். காலையில் எடுத்த மூன்று வெள்ளைப்பூவும் வாடி ஒட்டிக்கொண்டு வந்தன. கல்லின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பூசாரி அவிழ்த்துப் போட்ட இலைகளை எடுத்து, ஊர் பார்க்க, சாமி பார்க்க, ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளையை வைத்து மடித்தாள்.

"சாமி, குத்தமா நெனைக்காதே" என்றாள். "நீ சொன்னது நல்ல வேலைதான். ஆனா எம்பொண்ணுக்குக் கோழி அறுத்தாலே தலை சுத்தும். அது உனக்குத் தெரியாது, பெத்தவளுக்குத் தெரியும். இவ ஆட்டுக்கெல்லாம் பாடம் நடத்தறவ. ஆத்தாகாரி நானே இவளை ஏமாத்தப் பாத்தேன், அது தப்புத்தான். அதுக்காக நீயும் ஏமாத்தாதே. வெள்ளைதான் வேணும். நீ சரின்னு மட்டும் சொல்லு."

மூன்று பொட்டலங்களையும் வரிசையாக வைத்துவிட்டு, மாதேஸ்வரனைப் பார்த்தாள்.

அவர் தயங்கினார். "எதைங்க எடுக்கறது?"

"எதை வேணா எடுங்க" என்றாள் பழனாயி.

எடுத்தார். கட்டே இல்லாத பொட்டலம் கையிலேயே பிரிந்தது. வெள்ளை. ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. எல்லோரும் காளியண்ணனைப் பார்த்தார்கள். அவர் தாடியைத் தடவினார். மறைத்து வைத்தால்தான் களவு, இது பகிரங்கமாக வைத்தது, இதற்கு முறையில் தடை எதுவும் அவர் கேள்விப்பட்டதில்லை என்றார். சாமிக்குச் சம்மதம் இல்லையென்றால் ஒரு காற்றடித்துத் தட்டிவிடட்டும், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றும் சொன்னார்.

பொறுத்தார்கள். ஊர் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மர உச்சிகளைப் பார்த்து நின்றது. கொஞ்ச நேரத்தில் வேண்டுமென்றே செய்வது போல ஒரு காற்றுக் கிளம்பியது. இலைத் துண்டு ஒன்று எழும்பிப் புரண்டு, பாதையில் இறங்கிப் போயிற்று.

"பாத்தீங்களா, காரவள்ளிப் பக்கமாத்தான் போவுது" என்றாள் பழனாயி. "சேலத்துக்கு அந்த வழியாத்தான் போவணும்."

இதற்கு மேல் சாமிக்கே பேச்சு இல்லை. குலவைச் சத்தம் எழுந்ததில் மாதேஸ்வரன் பையோடு சேர்ந்து துள்ளிவிட்டார். கண்ணாயி ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பழனாயி கண்ணைத் துடைத்துக்கொண்டே கட்டளைகளை ஆரம்பித்துவிட்டாள். இரண்டு வருஷம் என்றால் இரண்டு வருஷம், ஒரு நாள் கூடுதலாக இருக்கக் கூடாது. லீவு விட்டால் அன்றைக்கே மலையேற வேண்டும். கேழ்வரகு மாவு இப்போதே திரித்துவிட வேண்டும், சேலத்து அரிசியை நம்ப முடியாது. அண்ணனிடம் போய்ச் சொல்வதற்கும் அவளே புறப்பட்டுவிட்டாள். அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டார், சொன்னால் அவரையும் கேட்டுக்கொள்கிறாள்.

கூட்டம் கலைந்த பாதையில் சின்னராசு இரண்டடி முன்னால் நடந்தான். கண்ணாயி ஓடி அவனோடு சேர்ந்துகொண்டாள். கால் கல்லில் படுகிறதா காற்றில் படுகிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. மலை முழுக்கப் பலாப்பழ வாசம். எதைப் பார்த்தாலும் சிரிப்பாக இருந்தது, அவனுடைய முதுகுகூட.

"ரெண்டு வருசம், மச்சான்" என்றாள்.

"தெரியும். கணக்குப் போட்டுட்டேன். லீவுக்கு லீவு உன் பெட்டியத் தூக்கிக்கிட்டு இறங்கணும், ஏறணும். எல்லாஞ் சேத்து எட்டுத் தடவை."

"நான் பெட்டி நெறையப் புஸ்தகம் வெப்பேன். கழுத்து ஒடிஞ்சு போயிரும்."

சின்னராசு திரும்பிப் பார்க்காமலே சொன்னான். "வெய்யி. கனமா இருந்தாத்தான் மெதுவா நடக்கலாம்."

கண்ணாயி அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு, அவனைத் தாண்டி, வீடுவரை ஓடினாள்.